கேட்டு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
ஒரு ஆளுக்கு முழுசாய் ஒரு யோசனை வரும்.
எனக்கு வந்தது இது:
கறுப்புத் திரையில் ‘கேட்டு’ என்று தட்டினால்
கேட் மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.
மணி அடிக்கும். குறுக்குக் கம்பு இறங்கும்.
நாற்பத்திரண்டு பெட்டிகளில் நெல் போகும்
இடமிருந்து வலம்,
அடைப்புக்குறிகளால் பெட்டி, பூஜ்ஜியத்தால் சக்கரம்.
நடுவில் நிறுத்த முடியாது.
கன்ட்ரோல் சி அழுத்தினால்
‘என்ன அவசரம், எல்லாரும்தான் நிக்கிறோம்’
என்று ஒரு வரி வரும்.

இதனால் என்ன பிரயோஜனம் என்றான் ஆரோக்கியதாஸ்.
ஒன்றுமில்லை,
அதை எழுதி முடிக்கத்தான் மூன்று ராத்திரி ஆனது என்றேன்.

என் லினக்ஸில் முதலில் கட்டினேன். பதினேழு பிழை.
திரை வரைகிற நூலகம் இல்லை என்றது, போட்டேன்.
அந்த நூலகம் நம்பியிருக்கும் இன்னொன்று இல்லை என்றது,
அதையும் போட்டேன்.
கடைசியில் ஒரேயொரு அரைப்புள்ளி,
கொசுவர்த்தி இரண்டு சுற்று எரியும் வரை அகப்படவில்லை.
முதல் பெட்டி நகர்ந்தபோது
வெளியே மன்னை வண்டி ஊதியது.
எது முன்னால் என்று இன்னும் தெரியாது.

மூணாறு தலைப்பில்
ஒன்றாய் வரும் வெண்ணாறு மூன்றாய்ப் போகிறது.
தண்ணீர் அதேதான், ஷட்டர் வேறு வேறு.
அந்தத் தைரியத்தில்
மற்ற இரண்டு பக்கமும் திறந்துவிட்டேன்.

கூத்தாநல்லூர் ஜொகராவிடம் மேக் இருந்தது.
சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்ததை
வெள்ளிச் சாமான் மாதிரி துணியில் சுற்றி வைத்திருப்பாள்.
‘இதை உருவாக்கியவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை’
என்றது அது.
உருவாக்கியவள் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
ரேஷன் கார்டில் இருக்கிறேன்.
வாக்காளர் பட்டியலில்
செண்பகலட்சுமி, தந்தை சிங்காரவடிவேல்,
கதவு எண்ணோடு இருக்கிறேன்,
படம்தான் கொஞ்சம் அத்தை மாதிரி.
‘நான் ஜாமீன்’ என்று ஜொகரா
அமைப்புகளுக்குள் போய் எதையோ அழுத்தினாள்.
கேட் மூடியது.
டீ கொண்டுவந்த அவள் அம்மா
வண்டி போகிறவரை
தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

விண்டோஸ் இருந்தது நெல் கொள்முதல் நிலையத்தில்,
பில் போடுகிற ஆரோக்கியதாஸின் மேசையில்.
வைரஸ் காவலாளி மூன்று தடவை விழுங்கியது.
நாலாம் தடவை,
அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று சாதித்தது.
பாதையில் சேர்க்க மறந்திருந்தேன்.
சேர்த்தேன்.
தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாய் வந்தது.
எழுத்துருவை மாற்றினேன்.
மணி அடித்தது, கம்பு இறங்கியது,
வண்டி வந்தது,
வலமிருந்து இடம்.
எங்கோ ஒரு கழித்தல் குறி.

ஆறு நாளாய்ப் படுதா போர்த்திய குவியலோடு
வாசலில் கிடக்கிற பூவனூர் அஞ்சம்மாள்
ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.
‘இதுல என் மூட்ட எந்தப் பெட்டி?’
ஆரோக்கியதாஸ் ஈரப்பதக் கருவியைத் துடைக்கத் தொடங்கினான்.
‘வண்டி பின்னால போவுதே.’
தப்புதான், சரிபண்ணிடுவேன் என்றேன்.
‘ஏன்? ஈரம் இருவத்தொண்ணுன்னு திருப்பிவிட்டா
இப்டித்தான வரும்.’
சிரித்தாரா தெரியவில்லை, வாயில் வெற்றிலை.
நாற்பத்திரண்டும் போய்
கம்பு ஏறியதும் சொன்னார்:
‘இன்னொருக்கா விடு.’

அன்று ராத்திரி பத்தொன்பதாம் பெட்டியில்
ஒரு மூட்டை ஏற்றினேன், ‘அஞ்சம்மாள்’ என்று எழுதி.
விண்டோஸ் குறிப்பில் சேர்த்தேன்:
வண்டி பின்னோக்கிப் போகும். தெரிந்த பிழை.
திருத்துகிற உத்தேசம் இல்லை.

காலையில் ஆரோக்கியதாஸ் போன் செய்தான்.
மேலதிகாரி வருகிறாராம்,
வரிசையில் நிற்கிறவர்கள் ஆளாளுக்கு
‘என் பேரப் போடு’ என்கிறார்களாம்,
இதை எப்படி நீக்குவது?

நிறுவுகிற வழியை மூன்று விதமாய் எழுதியிருந்தேன்.
நீக்குகிற வழி
தோன்றவே இல்லை எனக்கு.
கேட்டை யார் நீக்கியிருக்கிறார்கள் எங்கள் ஊரில்?